காது பாஸின் இடது பக்கம்

ஜவாஹிருக்கு ஒரு காதுதான் கேட்கும். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு உயிரும் ஒரு கையும் மிஞ்சியிருக்கும். அந்த வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு கதையை மெல்லமாகச் சொல்ல முடியாது.

இடது காதைக் கெடுத்தது அவனுடைய வாப்பா. கட்டுகஸ்தோட்டையில் மாட்டுவண்டி ஓட்டிய மனுசன், வாயைவிடக் கை முந்தும். பத்து வயதில் ஜவாஹிர் நுகத்துக் கயிற்றைச் சரியாகக் கட்டாமல் விட்டுவிட்டான். மாடு அறுத்துக்கொண்டு ஓடியது. வாப்பா விட்ட அறையில் காதிலிருந்து ரத்தம் வழிந்து சாரத்தை நனைத்தது. உம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி உள்ளே ஊற்றினாள். கொஞ்சநஞ்சம் கேட்டதும் அந்த எண்ணெயோடு போய்விட்டது.

வாப்பாவின் வண்டியில் ஏறமாட்டேன் என்று ஓடிவந்து, 1922ஆம் ஆண்டில் கண்டியில் ஒரு மோட்டார் கராஜில் வண்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் தோட்டத்துத் துரை ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜவாஹிர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சார், அடியில ஒரு சத்தம் ஈக்கி. மலை ஏற வாணாம்" என்றான். கழுவுகிற பயல் எனக்குப் புத்தி சொல்வதா என்று துரை பூட்ஸ் காலால் வயிற்றில் உதைத்தார். ஜவாஹிர் அழுக்குத் தண்ணீரில் விழுந்தான். அன்று சாயந்தரமே கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் வெடித்து, கார் ரெண்டு சோடி மாட்டின் பின்னால் கட்டி இழுபட்டுத் திரும்பி வந்தது. கராஜ்காரர் ஜவாஹிரின் கையில் ஸ்பேனர் சாவியைக் கொடுத்தார். அன்றைக்கு அவன் இரண்டு பாடம் படித்தான். தன் காது தப்பாது என்பது ஒன்று. அதைக் கேளாதவனுக்கு உதைதான் மருந்து என்பது மற்றது. முதல் பாடம் பாதி சரி. இரண்டாவதை அவன் துரையிடமே படித்தான், வேறென்ன சொல்ல.

கண்டியில் கைவேலை தெரிந்தவனை பாஸ் என்பார்கள். சில வருடத்தில் ஜவாஹிர் 'காது பாஸ்' ஆகிவிட்டான். இரண்டடி இரும்புக் கம்பி ஒன்றுக்குப் பலாமரத்தில் பிடி போட்டு வைத்திருந்தான். கம்பியின் நுனியை எஞ்சினில் ஊன்றுவான், பிடியை வலது காதில் அழுத்துவான், கண்ணை மூடுவான். பிறகு ஒவ்வொரு பிளக்காக நெருப்பை வெட்டிப் பார்ப்பான். எந்தப் பிளக்கை வெட்டும்போது சத்தம் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் நோய். சத்தங்களுக்கு அவன் வைத்த பெயர்கள் எல்லாம் கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் கேட்ட மேளங்கள். மேலே வால்வு படபடவென்று கொட்டினால் அது தம்மெட்டம், பயமில்லை, ஓட்டலாம். பிஸ்டன் ஆடினால் றபான், வெள்ளிக்கிழமைக்குள் கழற்ற வேண்டும். அடியிலே, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்டின் பெயாரிங் தேய்ந்து, வயிற்றில் குத்துகிற மாதிரி தும், தும் என்று இடித்தால் அது தவுல். தவுல் என்றால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். கண்டி டிரைவர்கள் எல்லோரும் இந்தப் பாஷையைப் பழகிவிட்டார்கள். பழகாதவனுக்கு முதுகில் சாவி விழும். ஒருமுறை பாயிஸ் என்ற டிரைவர் றபானோடு நான்கு நாள் ஓட்டிவிட்டு வந்து நின்றான். ஜவாஹிர் அவனுடைய முன்பல் இரண்டை உதிர்த்துவிட்டான்.

செவிட்டுக் காதை மறைக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. இடது பக்கம் நின்று யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவான். மனிதர்கள் பேசுவதில் முக்கால்வாசி தலையாட்டலுக்காகப் பேசுவதுதானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவன் மனைவி றலியாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதிலிருந்து அவன் வலது பக்கமாகவே உட்காருவாள், வலது பக்கமாகவே படுப்பாள், வெளியே யாரிடமும் அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டாள்.

1929இல் ஹாஷிம் முதலாளி அவனைத் தன் பஸ் கராஜுக்கு இழுத்துக்கொண்டார். அந்தக் காலத்து பஸ் ஓட்டத்தைக் கேட்டால் இப்போதுள்ளவர்களுக்குப் புளுகாகத் தோன்றும். ஒரே ரோட்டில் இரண்டு கம்பனி, ஒரே பயணிக்கு இரண்டு கொண்டக்டர், ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பார்கள். சண்டியர்களுக்கு மாதச் சம்பளம். அம்பிட்டிய ரோட்டில் எதிர்க் கம்பனி ஆட்கள் டயரைக் கத்தியால் கிழித்தார்கள் என்றால், அடுத்த நாள் நம் ஆட்கள் போய் அவர்களுடைய டைம்கீப்பரின் தாடையை உடைப்பார்கள். றலியாவின் தம்பி ஹுஸைன் முதலாளியின் பஸ்ஸில்தான் கொண்டக்டர். இருபத்திரண்டு வயது, சிரித்த முகம். சண்டை என்றால் ஓடி ஒளிந்துகொள்வான், அதற்காகவே ஜவாஹிர் அவனைக் கேலி செய்வான். ஆனால் அவன்மேல் உயிரையே வைத்திருந்தான்.

1931 ஆகஸ்டில், பெரஹரா நாட்கள் தொடங்குகிற சமயத்தில், மனுவேல் வேலைக்கு வந்தான். கம்பளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், வேதக்காரன், தோட்டத்து லொறி ஓட்டியவன். ஜவாஹிரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று வாய் நிறையக் கூப்பிடுவான். மனைவி டொரதி ஏழு மாத வயிற்றோடு இருந்தாள், அவளைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறையில் வைத்திருந்தான். வேலைக்கு வந்து ஒன்பதாவது நாள் அது நடந்தது.

அன்று பகல் பெரஹரா. ஊரே கண்டிக்கு வருகிறது, முதலாளி ஒரு பஸ்ஸும் சும்மா நிற்கக்கூடாது என்று கத்திக்கொண்டிருந்தார். காலையில் மனுவேல் மூன்றாம் நம்பர் பஸ்ஸை கராஜ் வாசலில் நிறுத்தி, "நானா, ஒரு மாதிரி சத்தம் வருது, கொஞ்சம் காது வச்சுப் பாருங்க" என்றான். அதைச் சொன்னது வலது பக்கம். ஜவாஹிர் கம்பியை ஊன்றினான். மேலே வால்வு படபடவென்று கொட்டியது, அது அந்த பஸ்ஸில் எப்போதும் உள்ளதுதான். அதற்கும் கீழே, ஆழத்தில், தும், தும். மூன்றாவது பிளக்கை வெட்டினான், நின்றது. விட்டான், மறுபடி தும்.

"தவுல் அடிக்கிது. மூணாவது" என்று கம்பியை எடுத்தான்.

அந்த நிமிஷம் பார்த்து முதலாளியின் இன்னொரு பஸ் கண்ணாடி நொறுங்கி உள்ளே வந்தது. டிரைவரின் நெற்றி பிளந்து, ரத்தம் ஸ்டியரிங்கில் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்க் கம்பனி ஆட்கள் கல்லால் அடித்திருக்கிறார்கள். கராஜ் முழுவதும் கூச்சல். மனுவேல் இடது பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டான். ஜவாஹிர் தலையை ஆட்டிவிட்டு, கம்பியோடு ரத்தக்காரனிடம் ஓடினான். திரும்பி வந்தபோது மூன்றாம் நம்பரைக் காணவில்லை. பின்பக்கம் ஒதுக்கியிருப்பான் என்று நினைத்தான். பிறகு அதை மறந்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த பஸ், பெரஹரா பார்த்துத் திரும்பிய சனத்தை உச்சிவரை ஏற்றிக்கொண்டு அம்பிட்டிய ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிர்க் கம்பனி பஸ் பின்னால் முட்டிக்கொண்டு வந்தது. மனுவேல் முழு வேகம் கொடுத்தான். வளைவில் மூன்றாவது ரொட் முறிந்து, எஞ்சின் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. எஞ்சின் செத்தது, எதிர்க் கம்பனி பஸ் ஒதுங்கி முந்திக்கொண்டு போய்விட்டது. அவ்வளவு பாரத்துக்கு பிரேக் தாங்கவில்லை, பஸ் பின்னால் உருளத் தொடங்கியது. ஏற்றத்தில் பஸ் நின்றால் கொண்டக்டர் குதித்துப் பின் சில்லுக்கு, சக்கரம் உருளாமல், கட்டை வைக்க வேண்டும். அன்று அந்த பஸ்ஸில் கொண்டக்டர் ஹுஸைன். சண்டைக்குப் பயந்தவன் அதற்குப் பயப்படவில்லை. கட்டையோடு குதித்தான். கட்டையைத் தள்ளிக்கொண்டு சில்லு அவன் நெஞ்சின் மேல் ஏறியது. பஸ் ஒரு பலாமரத்தில் இடித்து நின்றது. ஏழு பேருக்குக் கை கால் முறிந்தது. உயிர் போய் மவுத்தானது ஹுஸைன் ஒருவன்தான்.

ஜவாஹிர் ஒரு காரின் படியில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, மச்சினனைப் பாயால் மூடியிருந்தார்கள். பாயை நீக்கிப் பார்த்தான். பார்த்திருக்கக்கூடாது. மனுவேல் ரோட்டோரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் மேல் ஒரு கீறல் இல்லை.

"நான் சொன்னேன்தானே! தவுல் அடிக்கிதுன்னு சொன்னேன்தானே, நாயே! மத்தக் கம்பனிக்காரன் ஒனக்கு எவ்வளவு தந்த?"

"நானா, நீங்கதான்..."

மிச்சத்தைச் சொல்ல ஜவாஹிர் விடவில்லை. கையில் அந்தக் கேட்கிற கம்பி இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. மனுவேல் வலது கையைத் தூக்கித் தடுத்தான். பிறகு எல்லா அடியும் அந்தக் கையில்தான். விழுந்த பிறகும் கையை ரோட்டுக் கல்லின்மேல் வைத்து மிதித்துக்கொண்டு அடித்தான். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. சுற்றி நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவன்கூடப் பிடித்து இழுக்கவில்லை. பலாமரப் பிடி பிளந்த பிறகுதான் நிறுத்தினான்.

கை விபத்தில் உடைந்தது என்றே பொலிஸில் எழுதிக்கொண்டார்கள். அதை முதலாளி பார்த்துக்கொண்டார்.

மனுவேல் மேல் போட்ட வழக்கில், கோட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. நீதவான் மனுவேலிடம், பாஸ் உனக்குச் சொன்னாரா என்று கேட்டார். "சொன்னாருங்க. தவுல் அடிக்குதுன்னு சொன்னாருங்க" என்றான் மனுவேல். மொழிபெயர்ப்பவர் அதை, எஞ்சினில் ஆபத்தான சத்தம் இருப்பதாகச் சொன்னார் என்று இங்கிலீஷில் போட்டார். அதோடு அவன் கதை முடிந்தது, அது அவனுக்கே விளங்கவில்லை. "ஆனா நான் கேட்டேனுங்க, அப்ப ஓட்டலாந்தானே நானான்னு. அவரு தலைய ஆட்டுனாருங்க" என்றான் பிறகு.

நீதவான் ஜவாஹிரைப் பார்த்தார்.  மனுவேல் எந்தப் பக்கம் நின்று கேட்டான்? ஜவாஹிருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. செவிட்டுப் பாஸ் என்று தெரிந்தால் நாளைக்கு எவன் எஞ்சினைக் கொண்டுவருவான்? அந்த நினைப்பைக் காலால் தள்ளினான். இவன் காசு வாங்கியவன், ஹுஸைனைக் கொன்றவன், இவனுக்காக நான் ஏன்?

"பொய். இவன் ஒண்டும் கேக்கல்ல. ஊசி விழுந்தாலும் எனக்கு கேக்கும், கண்டி பூரா தெரியும்" என்று சத்தியம் செய்து சொன்னான்.

மனுவேலுக்கு ஒரு வருடக் கடூழியச் சிறை. டொரதி கோட்டு வாசலில் மண்ணை அள்ளி ஜவாஹிரின் முகத்தில் எறிந்தாள். முதலாளியின் சண்டியன் அவளைத் தள்ளிவிட்டான். அவளுக்குப் பிள்ளை அந்த வாரமே பிறந்து, தங்காமல் போனது.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், கம்பளையில் நின்றுபோன பஸ் ஒன்றைப் பார்க்க ஜவாஹிர் போனான். வேலை முடிந்து, கடைத்தெருவில் வடிவம்மாவின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தான். கோயில் திருவிழா, சாமி தெருவில் வருகிறது. நாதஸ்வரக்காரனுக்குப் பக்கத்தில் ஒருவன் மேளத்தைத் தோளில் மாட்டி, விரலுக்கு உறை போட்டு, படபடவென்று பொரித்துத் தள்ளினான். ஜவாஹிரின் காது அதைத் தானாகவே எஞ்சினில் வைத்துப் பார்த்தது. வால்வுச் சத்தம். அச்சாக வால்வுச் சத்தம்.

"இது என்ன மேளம்?" என்று கேட்டான்.

வடிவம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்னா நானா, இது தெரியாதா? தவுலு. யாழ்ப்பாணத்துலேருந்து தவுலுக்காரரு வந்திருக்காரு."

"இதையா தவுல்னு சொல்ற?"

"பின்ன எத சொல்றது?"

கண்டிப் பெரஹராவின் தவுல் தும் தும் என்று இடிக்கிற சிங்கள மேளம், பேர் மட்டும்தான் ஒன்று. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். தெருவில் தோட்டத்து லொறிகள் மூன்று நின்றன. பிளக்கை வெட்டிச் சோதிக்கிறவன் அல்லவா, மனிதர்களிலும் சோதித்தான். முதல் டிரைவரிடம் போய், எஞ்சினில் தவுல் அடிக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டான். "வால்வு கொட்டுதும்பாங்க. அது பாட்டுக்குக் கொட்டும், ஓட்டலாம்" என்றான் அவன். இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். மூன்றாவது ஆளும் அதையே சொன்னபோது ஜவாஹிர் அவனுடைய சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு கையை விட்டுவிட்டு, சந்தியிலே குந்திவிட்டான். மனுவேல் காசு வாங்கவில்லை. ஓட்டலாந்தானே என்றுதான் கேட்டிருக்கிறான். கேட்டான். இவன் தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து, கறி கிண்டிக்கொண்டிருந்த றலியாவிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். முடிந்ததும் திரும்பி, கொதிக்கிற கறியோடு அகப்பையை அவன் முகத்தில் வீசினாள். கன்னம் வெந்தது, அவன் நகரவில்லை. மறுபடி அடித்தாள், மறுபடியும். அகப்பைக் காம்பு முறியும்வரை அடித்தாள்.

"கோட்டுல அவன் சொன்ன அண்டைக்கே எனக்கு தெரியும்! தலயாட்டித்தான் ஈப்பீங்க. எனக்கும் மொதல்ல அப்பிடித்தானே ஆட்டினீங்க! என்ட தம்பிய நீங்களே அனுப்பிட்டு, ஒரு பாவிய மறியல்ல வேற போட்டீங்களே!"

"தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல்ல?"

"ஒங்கட மானத்த காப்பாத்தினேன். என்ட தலயில இடி விழ!" என்று தன் நெஞ்சிலேயே அறைந்துகொண்டாள். அழுது ஓய்ந்த பிறகு, அவனுடைய வலது பக்கம் வந்து நின்று சொன்னாள்: "போய் சொல்லுங்கொ. கோட்டுல சொல்லுங்கொ, முதலாளிட்ட சொல்லுங்கொ. அந்த மனுசன்ட காலடியில போய் நில்லுங்கொ. அவன் என்ன செஞ்சாலும் வாங்கிட்டு வாங்கொ. இல்லாட்டி இந்த வாசல்ல ஏற வாணாம்."

போனான். ஹாஷிம் முதலாளியிடம் சொன்னான், அவர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு அன்றைக்கே சீட்டைக் கிழித்தார். புரொக்டர் வக்கீல் ஒருவரிடம் சொன்னான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மனுப் போட்டு விசாரணைக்கு வருவதற்குள் தண்டனையே முடிந்துவிடும் என்றார், பொய்ச் சத்தியத்துக்கு உன்னைத்தான் உள்ளே போடுவார்கள் என்றும் சொன்னார். போடட்டும் என்றான். மனுப் போட்டார்கள், அது எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. காது பாஸ் செவிடனாம் என்ற கதை கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து பேராதனைவரை பரவியது. முன்பல் போன பாயிஸ் அவனைச் சந்தையில் மறித்து வாயிலேயே குத்தினான். ஜவாஹிர் திருப்பி அடிக்கவில்லை. எச்சிலோடு பல்லைத் துப்பிவிட்டு நடந்தான்.

அக்டோபரில், போகம்பறைச் சிறை வாசலில் காலை எட்டு மணியிலிருந்து நின்றான். அந்தக் கேட்கிற கம்பியைக் கொண்டுவந்திருந்தான், பிளந்த பிடியைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தான். டொரதி எதிர்ப்பக்கத்து மரத்தடியில் நின்றாள், இவனைக் கண்டதும் காறித் துப்பினாள். கதவு திறந்தது. மனுவேல் பாதி ஆளாக வெளியே வந்தான். ஜவாஹிரையும் கம்பியையும் கண்டதும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினான்.

"அடிக்க வரல்ல!" என்று ஜவாஹிர் கத்தினான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றே இன்னும் உரக்கக் கத்தினான். "எனக்கு எடது காது கேக்காது! சின்ன வயசிலேருந்து கேக்காது! நீ கேட்டது எனக்கு விளங்கல்ல, சும்மா தலய ஆட்டினேன். ஒங்கட தவுல் வேற, எங்கட தவுல் வேற. ஹுஸைன கொன்னது நான். கோட்டுல பொய் சொன்னதும் நான்." கம்பியைப் பிடிப் பக்கமாக அவனிடம் நீட்டினான். "இந்தா. என்ட கைய ஒட. இந்தக் காதையும் ஒட. ஒனக்கு எது வேணுமோ அத செய்."

மனுவேல் கம்பியையே பார்த்தான். அவன் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அடிக்கத்தான் போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. டொரதியே, "அடிங்க! மண்டையில போடுங்க!" என்று கத்தினாள். அவன் வலது கையை நீட்டிப் பிடியை வாங்கினான், ஓங்கினான். கம்பி கையிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்தது. குனிந்து மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது.

அவன் நிமிர்ந்து, ஜவாஹிரின் இடது பக்கமாக நின்றபடி, மெல்ல ஏதோ சொன்னான்.

இருபது வருடப் பழக்கம், ஜவாஹிரின் தலை ஆடத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினான்.

"கேக்கல்ல" என்றான். "இந்தப் பக்கம் வந்து சொல்லு."

மனுவேல் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தான்.

"கை மூட மாட்டேங்குது நானான்னு சொன்னேன்" என்றான்.